புதுச்சேரிக்கு எதற்காகப் போவது?

வெள்ளிக்கிழமை இரவானால் கிழக்குக் கடற்கரைச் சாலையில் கார்கள் வரிசைகட்டித் தெற்கே இறங்குகின்றன. சென்னையிலிருந்து நூற்றைம்பது கிலோமீட்டர். பெங்களூர்க்காரர்களுக்கு அதுபோல் இரண்டு மடங்கு. அவர்கள் திருவண்ணாமலை, திண்டிவனம் வழியாக வந்து சேர்வார்கள். சனிக்கிழமை காலை ரோமன் ரோலந்து வீதியில் வண்டி நிறுத்த இடம் தேடுவதே ஒரு வேலை. மஞ்சள் சுவர், அதன் மேல் கவிழ்ந்து கிடக்கும் காகிதப்பூக் கொடி, கீழே நின்று ஒரு படம். ஞாயிறு இரவு வீடு திரும்பியதும் போனவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுவார்கள். "இந்தியாவுக்குள்ளேயே ஒரு பிரான்ஸ்" என்று கொண்டாடுவது ஒரு கட்சி. "நாலு தெரு, மணலே இல்லாத பீச், ஒரு காபிக்கு அநியாய விலை. இதுக்கா இவ்வளவு தூரம் போனோம்?" என்று அலுத்துக்கொள்வது இன்னொரு கட்சி.

இரு கட்சியும் பார்த்துவிட்டு வந்தது ஒரே இடத்தைத்தான். பெரிய வாய்க்காலுக்கும் கடலுக்கும் நடுவே தெற்கு வடக்காக நீளும் ஒரு துண்டு நிலம். மெதுவாக நடந்தாலும் அரை மணியில் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போய்விடலாம். ஆனால் முந்நூற்றைம்பது ஆண்டுகளாகப் புதுச்சேரிக்கு வந்துகொண்டிருந்த கூட்டம் இந்தத் தெருக்களுக்காக வந்ததில்லை. ஊரைச் சுற்றி ஓர் எல்லைக்கோடு இருந்தது. அந்தப் பக்கம் ஒரு அரசு, ஒரு வரி, ஒரு சட்டம். இந்தப் பக்கம் வேறு. வியாபாரிகளும், தலைமறைவாக வந்தவர்களும், கடத்தல்காரர்களும், சாயங்காலக் குடிகாரர்களும் அந்தக் கோட்டைத் தாண்டத்தான் வந்தார்கள். புதுச்சேரி பார்க்கத் தகுந்த ஊரா என்ற கேள்விக்கு அந்தக் கோட்டின் கதையிலிருந்துதான் பதில் தொடங்குகிறது.

ஊருக்குத் தெற்கே நாலு கிலோமீட்டரில், அரியாங்குப்பம் ஆற்றோரம் இருக்கிறது அரிக்கமேடு. 1945இல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் அங்கே தோண்டியபோது ரோமானிய மது சாடிகளின் உடைசல்களும் இத்தாலியில் சுட்ட சிவப்பு மட்பாண்டங்களும் கிடைத்தன. மணி செய்யும் தொழிலும் அங்கே பெரிதாக நடந்திருக்கிறது. இன்று போய்ப் பார்த்தால் தோப்பும், செங்கல் சுவரின் மிச்சமும்தான். தொல்லியலில் நாட்டமில்லாதவருக்கு அங்கே பத்து நிமிடத்துக்கு மேல் வேலையில்லை. இருந்தாலும் கடல்வழி வியாபாரம் இந்தக் கரைக்குப் பிரெஞ்சுக்காரர்கள் கற்றுக்கொடுத்ததல்ல என்பதற்கு அந்த மேடு சாட்சி.

பிரெஞ்சுக்காரர்கள் வந்ததே ஒரு நெருக்கடியில்தான். அவர்கள் பிடித்து வைத்திருந்த மயிலாப்பூர்க் கோட்டை முற்றுகையில் சிக்கியிருந்தது. சோறும் மருந்தும் வேண்டும். அதற்காகத் தெற்கே அனுப்பப்பட்ட பெல்லாஞ்சே தெ லெஸ்பினே 1673இல் புதுச்சேரியில் கரையிறங்கினார். பீஜப்பூர் சுல்தானின் பிரதிநிதியாக வாலிகண்டபுரத்தில் இருந்த ஷேர்கான் லோடி இடம் கொடுத்தார். அடுத்த ஆண்டு மயிலாப்பூர் கைவிட்டுப் போனது. அங்கிருந்து வந்த பிரான்சுவா மர்த்தேன் இந்தச் சின்னக் கடற்கரைக் குப்பத்தை ஊராக வளர்க்க முனைந்தார். துறைமுகம் கிடையாது. கப்பல்கள் தூரத்தில் நங்கூரமிட்டு நிற்கும். ஆணி அடிக்காமல் கயிற்றால் தைத்த சலங்குப் படகுகள் அலையைத் தாண்டிப் போய்ச் சரக்கைக் கொண்டுவரும். துறைமுகமில்லாத ஊருக்கு நெசவாளரையும் வணிகரையும் இழுத்தது இங்கே கிடைத்த பாதுகாப்பு. உள்நாட்டில் மராட்டியரும் முகலாயரும் பாளையக்காரரும் மாறி மாறிப் படையெடுத்த காலம் அது. தறியோடு குடிபெயர்ந்து வந்தவனுக்குக் கோட்டை மதிலுக்குப் பக்கத்தில் ஓர் இடம் பெரிய விஷயம்.

தெருக்களின் நேர்கோட்டைக் காட்டி "பிரெஞ்சுக்காரன் பிளான் போட்டுக் கட்டினான்" என்று வழிகாட்டிகள் சொல்வது வழக்கம். அதில் பாதி டச்சுக்காரர்களுக்குச் சேர வேண்டியது. 1693இல் டச்சுப் படை புதுச்சேரியைப் பிடித்து ஆறு ஆண்டு வைத்திருந்தது. அப்போது நெசவாளரையும் மற்றவரையும் குடியமர்த்தச் செங்குத்தாக வெட்டிக்கொள்ளும் தெருக்களாக அவர்கள் வரைந்த வரைபடங்கள் இருக்கின்றன. புதுச்சேரியிலேயே பல்லாண்டு வாழ்ந்து ஆய்வு செய்த ஜான் தெலோஷ் இதை ஆதாரத்தோடு எடுத்துக்காட்டினார். 1699இல் ஊரைத் திரும்பப் பெற்ற மர்த்தேன் அதே கட்டத்தை வைத்துக்கொண்டார். வெள்ளாளர் வீதி, செட்டித் தெரு, வைசியாள் வீதி என்று சாதிக்கு ஒரு தெரு. அந்தக் கட்டத்தின் மேல்தான் தமிழர் பகுதி இன்றும் நிற்கிறது.

இந்த ஊரின் பதினெட்டாம் நூற்றாண்டை நாள்வாரியாக எழுதி வைத்தவர் ஆனந்தரங்கப் பிள்ளை. ஆளுநர் துய்ப்ளேக்ஸுக்குத் துபாஷாக இருந்தவர். 1736 முதல் 1761 வரை நாட்குறிப்பு எழுதியவர். கப்பல் வந்த செய்தி, சரக்கின் விலை, கோட்டையில் நடந்த பேச்சு, யாருக்கு யார்மேல் பொறாமை, துய்ப்ளேக்ஸின் மனைவி செய்த சூழ்ச்சி எல்லாம் அதில் உண்டு. பெரிய மார்க்கெட்டை ஒட்டி அவர் பெயரிலுள்ள வீதியில் அவர் வீடு இருக்கிறது. கீழ்த்தளம் முழுக்க மரத்தூண். முற்றத்தைச் சுற்றித் தாழ்வாரம். நாட்டு வீட்டின் அமைப்பு. மாடி ஏறினால் சுண்ணாம்புச் சாந்து பூசிய வட்டத் தூண்களும் திறந்த மேல்தளமும் ஐரோப்பியப் பாணியில் இருக்கின்றன. காலையில் கணக்குப்பிள்ளைகளோடு தமிழில் பேசிவிட்டு, பிறகு கோட்டைக்குப் போய்ப் பிரெஞ்சுக்காரர்களோடு பேரம் பேசிய மனிதரின் வாழ்க்கை அந்த இரண்டு தளத்திலும் அப்படியே தெரிகிறது. சுற்றுலா வண்டிகள் அந்தப் பக்கம் அதிகம் போவதில்லை.

அதே நாட்குறிப்பில் 1748ஆம் ஆண்டும் இருக்கிறது. ஆங்கிலேயர் முற்றுகையிட்டிருந்த நேரம் பார்த்து, துய்ப்ளேக்ஸின் ஆட்சியில் வேதபுரீஸ்வரர் கோயில் இடிக்கப்பட்டது. சேசுசபைப் பாதிரிமார்கள் பல ஆண்டாகக் கேட்டுக்கொண்டிருந்தது அன்று நடந்தது. ஊரின் பெரிய தமிழ் அதிகாரியான பிள்ளையால் அதைத் தடுக்க முடியவில்லை. நடந்ததை எழுதி வைக்க மட்டும் முடிந்தது. இன்று ஈஸ்வரன் கோவில் வீதியில் நிற்கும் வேதபுரீஸ்வரர் கோயில் பின்னால் வேறிடத்தில் எழும்பியது. கடற்கரைக் காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் செதுக்குத் தூண்களும் அந்தக் காலத்தின் மிச்சம்தான்: செஞ்சியிலிருந்து போர்க்கொள்ளையாக வந்தவை. அவற்றில் சாய்ந்து படமெடுத்துக்கொள்பவர்கள் இதை அறிந்திருக்க வாய்ப்பில்லை. அங்கே அப்படி எழுதிவைத்த பலகை கண்ணில் படுவதுமில்லை.

துய்ப்ளேக்ஸின் புதுச்சேரியைப் பார்க்க வேண்டும் என்று ஒருவர் கிளம்பி வந்தால் அவருக்கு ஏமாற்றம்தான். 1752இல் முடிந்த அவருடைய மாளிகை ஒன்பதே ஆண்டு நின்றது. 1761 ஜனவரியில் ஆங்கிலேயத் தளபதி ஐர் கூட்டின் படையிடம் ஊர் விழுந்தது. ஆங்கிலேயர்கள் கோட்டையை வெடிவைத்துத் தகர்த்தார்கள். வெள்ளையர் பகுதியைக் கல்மேல் கல் இல்லாமல் செய்தார்கள். ஆனந்தரங்கப் பிள்ளை அந்த மாதமே இறந்துபோனார். 1763 பாரிஸ் உடன்படிக்கைக்குப் பிறகு லா தெ லோரிஸ்தோன் பிரெஞ்சு ஆளுநராக வந்து இடிபாட்டின் மேல் மறுபடி கட்டத் தொடங்கினார். அதன் பிறகும் ஊர் மூன்று முறை ஆங்கிலேயர் கைக்குப் போய் 1816இல்தான் நிலையாகத் திரும்பியது. கோட்டை கட்டக்கூடாது, ஊர்க்காவலுக்கு மேல் படை வைக்கக்கூடாது என்ற நிபந்தனையோடு.

ஆகவே இன்று மஞ்சள் பூசி நிற்கும் கட்டடங்களில் பெரும்பாலானவை தோற்றுப்போன ஒரு சாம்ராஜ்ஜியம் சாவகாசமாகக் கட்டியவை. கலங்கரை விளக்கம் 1836. தூய தேவதைகளின் அன்னை ஆலயம் 1855. கடலுக்குள் நீண்ட இரும்புத் துறைமேடை 1866. மேரி என்று ஊரார் சொல்லும் நகராட்சிக் கட்டடம் 1871. விழுப்புரத்திலிருந்து ரயில் வந்தது 1879இல். துய்ப்ளேக்ஸுக்குச் சிலை வைத்ததும் 1870இல்தான். கைவிட்டுப் போன பேரரசின் நினைவு நூறாண்டு கழித்து வெண்கலமானது.

இந்தக் காலத்துப் புதுச்சேரிக்குச் சோறு போட்டது நீலம். கினே என்ற பருத்தித் துணியை அவுரிச் சாயத்தில் கருநீலமாகத் தோய்த்து, பளபளப்பு வரும்வரை அடித்து, மூட்டை கட்டி ஆப்பிரிக்காவின் செனெகலுக்கு அனுப்பினார்கள். அங்கே பாலைவனத்து வணிகர்கள் பிசின் மூட்டைகளைக் கொடுத்து இந்தத் துணியை வாங்கினார்கள். கிட்டத்தட்ட நாணயம்போலவே அது செலாவணியானது. சகாராவின் விளிம்பில் கட்டிய தலைப்பாகைக்கும் முத்தியால்பேட்டைத் தறிக்கும் இப்படி ஓர் உறவு. துணி போன கப்பல்வழியில் மனிதர்களும் போனார்கள். ரெயூனியன், மர்த்தினிக், குவாதலூப் கரும்புத் தோட்டங்களுக்குப் புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் ஒப்பந்தக் கூலிகள் ஏற்றப்பட்டார்கள். மர்த்தினிக்குக்கு முதல் கப்பல் 1853இல் போய்ச் சேர்ந்தது. ஆள்பிடிக்கும் தரகர்கள் ஆங்கிலேயர் பகுதிக் கிராமங்களிலும் வலை வீசினார்கள். எல்லைக்கோட்டைத் தாண்டிக் கூட்டிவந்துவிட்டால் வேலை முடிந்தது. கடற்கரைச் சாலையில் இதைச் சொல்லும் அடையாளம் எதுவும் பயணியின் கண்ணில் எளிதில் படாது.

எல்லைக்கோட்டின் மற்றொரு பக்கத்தையும் அந்தப் பத்தொன்பதாம் நூற்றாண்டு காட்டியது. 1873இல் பொன்னுத்தம்பிப் பிள்ளை என்ற வழக்கறிஞர் ஐரோப்பியர்போலக் காலணியோடு நீதிமன்றத்துக்குள் போனார். தமிழனுக்கு அந்த உரிமை இல்லை என்று நீதிமன்றம் சொன்னது. அவர் விடவில்லை, வழக்கு பாரிஸ் வரை போய் வென்றது. 1881இல் வந்த ஆணை, தங்கள் சாதி-மத வழக்குச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்பவர்களுக்கு வழி திறந்தது. அப்படித் துறந்தவர்கள் பிரெஞ்சுக் குடும்பப் பெயர் வைத்துக்கொண்டார்கள். பொன்னுத்தம்பி 'லபோர்த்' ஆனார். அவர்கள் வழிவந்தவர்களும் பிரெஞ்சுப் படையில் வேலைபார்த்து ஓய்வூதியம் வாங்கிய 'சொல்தா' குடும்பங்களும் இன்றும் பிரான்ஸ் தேர்தலில் ஓட்டுப் போடுகிறார்கள். ஜூலை 14 அன்று கடற்கரைப் போர் நினைவிடத்தில் மார்சேய்ஸ் பாடுபவர்களில் வேட்டி கட்டிய தாத்தாக்களும் உண்டு.

இருபதாம் நூற்றாண்டில் எல்லைக்கோடு அடைக்கலமானது. 'இந்தியா' பத்திரிகை மேல் சென்னையில் வழக்குப் பாய்ந்ததும் 1908இல் பாரதி புதுச்சேரிக்கு வந்தார். பத்திரிகையும் பின்னாலேயே வந்தது. 1910 ஏப்ரல் 4 அன்று அரவிந்தர் வந்தார். அவர் வந்த வழியே எல்லைகளின் பாடம்: கல்கத்தாவிலிருந்து முதலில் இன்னொரு பிரெஞ்சுப் பகுதியான சந்திரநாகூர், அங்கிருந்து 'துய்ப்ளேக்ஸ்' என்ற கப்பலில் புதுச்சேரி. அதே ஆண்டு லண்டனிலிருந்து தப்பி வ.வே.சு. ஐயர் வந்து சேர்ந்தார். ஆங்கிலேய உளவாளிகள் தெருமுனைகளில் வாடகைக்கு வீடெடுத்துக் காத்திருந்தார்கள்.

பிரிட்டிஷ் நெருக்கடி தாங்காமல் பிரெஞ்சு நிர்வாகம் ஒரு விதி கொண்டுவந்தது: வெளியிலிருந்து வந்து தங்கியிருப்பவர்கள் உள்ளூர்ப் பிரமுகர்கள் ஐந்து பேரின் கையெழுத்தோடு சான்று காட்ட வேண்டும். அரவிந்தர் முதலில் தங்கியிருந்த வீட்டுக்காரர் கலவை சங்கரச் செட்டியார் அலைந்து கையெழுத்துகளைச் சேர்த்துக் கொடுத்தார். இந்திய விடுதலைப் போரின் பெரிய பெயர்கள் சில இந்த ஊரில் நீடித்து இருக்க முடிந்ததற்கு அந்த ஐந்து கையெழுத்தும் ஒரு காரணம். பாரதி பத்தாண்டு இருந்தார். அவருடைய பெரிய படைப்புகள் பலவும் இங்கே பிறந்தன. கனக சுப்புரத்தினம் என்ற உள்ளூர் ஆசிரியர் பாரதிதாசன் ஆனதும் இங்கேதான். 1918 நவம்பரில் பாரதி எல்லையைத் தாண்டினார். கடலூர் அருகே கைது. மூன்று வாரத்துக்கு மேல் கடலூர்ச் சிறை. கோட்டுக்கு இந்தப்புறம் கவிஞர், அந்தப்புறம் கைதி. ஈஸ்வரன் தர்மராஜா கோவில் வீதியில் அவர் இருந்த வீடு இப்போது நினைவில்லம்.

அடைக்கலம் தந்த அரசு எல்லாருக்கும் அடைக்கலம் தரவில்லை. சவானா, ரோடியர், கெப்ளே என்று மூன்று பஞ்சாலைகளில் தொழிலாளர்கள் விடியலிலிருந்து இருட்டும்வரை உழைத்தார்கள். 1936 ஜூலை 30 அன்று வேலைநிறுத்தம் செய்தவர்கள்மேல் துப்பாக்கிச்சூடு நடந்து பன்னிரண்டு பேர் இறந்தார்கள். வ. சுப்பையா முன்னின்று நடத்திய அந்தப் போராட்டத்தின் பலனாக எட்டு மணி நேர வேலை சட்டமானது. ஆசியாவிலேயே முதலில் எங்கள் ஊரில்தான் என்று புதுச்சேரித் தொழிற்சங்கக்காரர்கள் பெருமையாகச் சொல்வார்கள். ரோடியர் மில், அதாவது ஏ.எஃப்.டி., தானே புயலில் அடிவாங்கி, பிறகு இழுத்துப் பிடித்து நடந்து, 2020இல் மூடப்பட்டது. மற்ற இரண்டின் கதையும் அப்படித்தான். கடலூர் சாலையில் அந்த மில்லின் திடல் இன்று அரசியல் கட்சிகளின் பொதுக்கூட்டத்துக்குப் பயன்படுகிறது. நெசவும் நூற்பும் வளர்த்த ஊரில் அந்தத் தொழில் போன இடத்தை ஓட்டல் அறைகள் நிரப்பியிருக்கின்றன.

1947க்குப் பிறகு கோட்டின் மதிப்பு ஏறியது. பிரிட்டிஷ் இந்தியாவோடு போட்டிருந்த சுங்க ஒப்பந்தத்தை 1949இல் இந்தியா முடித்துக்கொண்டதும், புதுச்சேரிக்குள் வரியில்லாமல் இறங்கிய தங்கமும் கைக்கடிகாரமும் வயல் வரப்பு வழியாக வெளியே போகத் தொடங்கின. புதுச்சேரி மாவட்டத்தின் நிலப்படத்தைப் பார்த்தால் கடத்தல் ஏன் சுலபம் என்பது விளங்கும்: பாகூர், வில்லியனூர், மண்ணாடிப்பட்டு என்று துண்டு துண்டாகச் சிதறிய நிலம், நடுநடுவே தமிழகத்துக் கிராமங்கள். இந்தியா சுங்கச்சாவடிகளை நெருக்கியது. ஊருக்குள் பிழைப்பு இறுகியது. 1954 அக்டோபர் 18 அன்று ஊருக்கு மேற்கே கீழூர் என்ற கிராமத்தில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடி வாக்களித்தார்கள். இந்தியாவோடு இணைய 170, எதிராக 8. நவம்பர் 1 அன்று நிர்வாகம் கைமாறியது. சட்டப்படியான இணைப்புக்கு 1962 ஆகஸ்ட் 16 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அந்தக் கோடு அழியவில்லை. மாநில எல்லையாகத் தொடர்ந்தது. அதன் மிகப் பெரிய பலன் பாட்டிலில் இருந்தது. 1948இல் சென்னை மாகாணம் முழுக்க மதுவிலக்கு வந்தது. புதுச்சேரியில் அப்படி ஒன்று இல்லை. தமிழகத்தில் 1971இல் கடைகள் திறந்து 1974இல் மறுபடி மூடியபோதும் இங்கே சாராயக்கடை ஏலமும் கள்ளுக்கடை ஏலமும் வழக்கம்போல நடந்தன. இரண்டு தலைமுறைத் தமிழர்களுக்குப் "பாண்டிக்குப் போய்ட்டு வந்தான்" என்றால் வேறு விளக்கம் தேவைப்படவில்லை. டாஸ்மாக் வந்த பிறகும் விலை வித்தியாசம் ஆட்களை இழுத்தது. 2020 மே மாதம், ஊரடங்குக்குப் பின் கடை திறந்தபோது புதுச்சேரி அரசு கோவிட் வரி என்று ஒன்றைப் போட்டுத் தமிழக விலைக்குச் சமமாக்கியது. எல்லை தாண்டிக் கூட்டம் வரக்கூடாது என்பதே நோக்கம். மஞ்சள் சுவரைப் பார்க்க வருபவர் எத்தனை, மலிவு விலைக்கு வருபவர் எத்தனை என்பதில் அரசுக்கே தெளிவு இருந்தது என்று எடுத்துக்கொள்ளலாம்.

ஊரைப் பார்ப்பதற்கென்றே வருவது இவற்றுக்கெல்லாம் பிந்திய பழக்கம். முதலில் வந்தவர்கள் அரவிந்தர் ஆசிரமத்துக்கு வந்த பக்தர்கள். 1926இல் ஆசிரமம் உருவான பின் தரிசன நாட்களில் வங்காளத்திலிருந்தும் குஜராத்திலிருந்தும் ஒரிசாவிலிருந்தும் குடும்பம் குடும்பமாக வந்தார்கள். பழைய பிரெஞ்சு வீடுகளை ஆசிரமம் ஒவ்வொன்றாக வாங்கிச் சாம்பலும் வெள்ளையும் பூசியது; அந்த நிறம் இன்றும் ஆசிரமச் சொத்துக்கு அடையாளம். 1968 பிப்ரவரி 28 அன்று 124 நாடுகளின் மண்ணை ஒரு தாழியில் போட்டு ஆரோவில் தொடங்கியது. அது இருப்பது பெரும்பாலும் தமிழகத்தில், விழுப்புரம் மாவட்டத்தில். ஆனாலும் பயணிகளின் கணக்கில் அதுவும் பாண்டிதான். கிழக்குக் கடற்கரைச் சாலை விரிந்தது, தகவல் தொழில்நுட்ப வேலைகள் சென்னையிலும் பெங்களூரிலும் பெருகின, யான் மார்ட்டெல் தன் நாவலின் நாயகனைப் புதுச்சேரியில் பிறக்க வைத்தார், 2012இல் ஆங் லீ அதைப் படமாக்கித் தாவரவியல் பூங்காவையும் பெரிய மார்க்கெட்டையும் உலகுக்குக் காட்டினார். வார இறுதி என்றாலே இந்த ஊர் என்று ஆனது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. பிரெஞ்சு வீடு தெருவுக்கு முகம் காட்டுவதில்லை. உயர்ந்த மதில், பெரிய கதவு. தோட்டமும் வராந்தாவும் உள்ளே. தெருவில் நிற்பவருக்குக் கிடைப்பது சுவர் மட்டும். ஆகவேதான் படங்களில் எல்லாம் சுவராகவே இருக்கிறது. வாய்க்காலைத் தாண்டி மேற்கே வைசியாள் வீதிக்குப் போனால் கதை தலைகீழ். அங்கே வீடு தெருவுக்கே இறங்கி வருகிறது. சாய்ந்த ஓட்டுக் கூரையை மரத்தூண்கள் தாங்கும் தாழ்வாரம், வழிப்போக்கர் உட்காரத் திண்ணை, அதன் பின் செதுக்கிய கதவு, கதவு திறந்திருந்தால் கடைசி வரை தெரியும் முற்றத்து வெளிச்சம். மாடியில் மட்டும் வளைந்த ஜன்னலும் சாந்துக் கைப்பிடிச் சுவரும் எதிர்ப்பக்கத்துப் பழக்கத்தைச் சொல்லும். ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியோடு 2002 முதல் நடந்த திட்டத்தில் இன்டாக் அமைப்பு இந்த வீதியின் இருபது வீட்டு முகப்புகளைச் சீராக்கியது. யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் பாரம்பரிய விருது 2008இல் இதற்குக் கிடைத்தது.

விருது கிடைத்தது ஒரு வீதிக்கு. சுற்றியுள்ள தெருக்களில் திண்ணை வீடுகள் இடிந்து அடுக்குமாடிகளாகிக்கொண்டே இருக்கின்றன. அரசே தன் கட்டடத்தைக் காக்கவில்லை: பல ஆண்டு பராமரிப்பில்லாமல் கிடந்த மேரி 2014 நவம்பர் 29 அன்று மழையில் சரிந்து விழுந்தது. உலக வங்கிக் கடனில் அதே வடிவில் மறுபடி கட்டி 2021இல் திறந்தார்கள். கடற்கரையில் கம்பீரமாக நிற்கும் அந்தப் பிரெஞ்சுக் காலத்துக் கட்டடத்தின் வயது சில ஆண்டுகளே.

அடுத்து, பீச். புகார் சொல்லும் கட்சிக்கு இங்கே முழு நியாயம் உண்டு. ஊர்ப் பெரியவர்களின் நினைவில் கடற்கரைச் சாலைக்குக் கீழே அகலமான மணல் இருந்தது. இந்தக் கரையில் ஆண்டின் பெரும்பகுதி அலைகள் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளுகின்றன; வடகிழக்குப் பருவக்காற்றின் சில மாதங்களில் மட்டும் ஓட்டம் திரும்பும். 1980களின் இறுதியில் அரியாங்குப்பம் முகத்துவாரத்தில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல் அணைகள் நீட்டப்பட்டன. வடக்கே போக வேண்டிய மணல் அணைக்குத் தெற்கே தேங்கியது. வடக்கே இருந்த மணலை அலை அள்ளிப்போனது. புதிதாக வந்து நிரப்ப எதுவும் இல்லை. சாலையைக் காக்கக் கருங்கல் பாறைகளைக் கொட்டினார்கள். 'ராக் பீச்' என்று பயணிகள் விரும்பிப் படமெடுக்கும் இடம் அந்த அவசரத்தின் மிச்சம். பாறை கொட்டிய இடத்தில் அரிப்பு நின்று அடுத்த ஊருக்கு நகர்ந்தது: குருசுக்குப்பம், வைத்திக்குப்பம், சோலைநகர், பிறகு எல்லைக்கு அப்பால் தமிழகத்து மீனவக் குப்பங்கள். ஒரு அரசின் துறைமுகம், இன்னொரு அரசின் கரை. படகு நிறுத்த மணலில்லாமல் போன மீனவர்களுக்கு எந்த அரசிடம் மனுக் கொடுப்பது என்பதே ஒரு கேள்வி. 2018 வாக்கில் தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம் தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்குள் எஃகுத் திட்டு ஒன்றை அமிழ்த்தியபின் அங்கே கொஞ்சம் மணல் சேர்ந்தது. குழந்தைகள் கால் நனைக்கும் அந்தச் சின்ன மணல்திட்டு அப்படி வந்ததுதான்.

இப்போது கணக்குப் போடலாம். குளிக்கக் கடலும் விரிந்த மணலும் வேண்டுபவர் புதுச்சேரி நகரத்தை நம்பி வர வேண்டாம். பாரிஸ் மாதிரி இருக்கும் என்று எண்ணி வருபவருக்கு ஒரு காலைப் பொழுது போதும். சனி ஞாயிறு கூட்டத்தில் அதுவும் எரிச்சலாகிவிடும். புத்தாண்டு இரவில் வருவது கூட்டத்தைப் பார்க்கத்தான். ஆனால் இரண்டு அரசுகள், இரண்டு சட்டங்கள், இரண்டு வீட்டு அமைப்புகள் உரசிக்கொண்டு வாழ்ந்த ஓர் ஊரைக் கால்நடையாகவே படித்துவிட முடிவது தமிழ்நாட்டைச் சுற்றி வேறெங்கும் கிடைக்காத வசதி. அதற்கு வாரநாள் நல்லது. செவ்வாய், புதன் என்றால் அறை வாடகையும் இறங்கியிருக்கும். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை வெயில் தாங்கும். காலையில் கடற்கரைச் சாலை, பத்து மணிக்குள் வாய்க்காலைத் தாண்டி வைசியாள் வீதி, ஆனந்தரங்கப் பிள்ளை வீதி, பெரிய மார்க்கெட்டின் மீன் பகுதி, மாலையில் பாரதி வீடு. மறுநாள் வில்லியனூர்த் திருக்காமீஸ்வரர் கோயில். அதன் தேரைப் பிரெஞ்சு ஆளுநர்கள் வடம் பிடித்துத் தொடங்கிவைத்த வழக்கம் இன்றும் துணைநிலை ஆளுநர்களால் தொடர்கிறது.

வில்லியனூரிலிருந்து இன்னும் மேற்கே போனால் கீழூர். வயல்களுக்கு நடுவே ஒரு நினைவு மண்டபம் இருக்கிறது. ஆகஸ்ட் 16இல் முதலமைச்சர் வந்து கொடியேற்றுவார். மற்ற நாட்களில் சுற்றுலாப் பேருந்து அந்தப் பக்கம் திரும்பாது. ஆட்டோக்காரரிடம் போகவர ஒரே கட்டணமாக முன்கூட்டியே பேசிக்கொள்வது நல்லது. திரும்பும் வழியில் வண்டி கிடைப்பது கடினம்.